ஆடியில் காய்ச்சிய பால்

புனேயில் மழை வந்துவிட்டுப் போகாது. வந்து தங்கும். சுவரில் தங்கும், தலையணை உறையில் தங்கும், தீப்பெட்டிக்குள் தங்கும். குழந்தையின் இடுப்புத் துணியில் தங்கி, பிழிந்தாலும் உதறினாலும், அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் மூன்று நாள் தொங்கவிட்டாலும் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். திண்டுக்கல் பக்கம் மழை என்றால் அரை மணி நேரச் சண்டை. அடித்து ஓய்ந்ததும் வெயில் வந்து, துணியைக் காயப்போடு என்று கூப்பிடும். அந்த மழையை மட்டுமே தெரிந்தவளாக நான், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆனி மாதக் கடைசியில், எட்டு மாதப் பெண்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புனே ஸ்டேஷனில் இறங்கினேன்.

கணவருக்குச் சிஞ்ச்வட்டில், வண்டிகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. வேலை என்றால் முழு வேலை இல்லை. ஒரு வருஷம் பயிற்சி, அதற்கப்புறம் பார்க்கலாம் என்று கடிதம் சொன்னது. சம்பளம் என்ற சொல் அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. ஸ்டைபண்ட் என்று இருந்தது. என் அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தான்.

"இத வச்சு ஒரு ஆளு சாப்புடலாம். மூணு பேரு எப்படிம்மா? நீயும் பாப்பாவும் இங்கயே இருங்க. மாப்பிள்ளைக்கு நெரந்தரமாகட்டும், அப்பறம் போயிக்கலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் எங்கள் தெருவிலேயே அப்படி இருந்துகொண்ட இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். ஒரு வருஷம் என்றது மூன்றாகி, நான்காகியிருந்தது. லீவில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். "யாருன்னு பாரு, போ" என்று பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது. என் மகள் இவரைக் கண்டு ஒளியக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அரை வயிறோ முழு வயிறோ, மூன்று பேரும் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும்.

பிடிவாதமாகக் கிளம்பினேன். அம்மா தடுக்கவில்லை. முறுக்கு டப்பாவை மூட்டைக்குள் திணித்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள வீடு பாத்துப் பால் காய்ச்சிரு. முடியலன்னா ஆவணி வரைக்கும் பொறு. கைப்புள்ளய வச்சுக்கிட்டு ஆடியில புதுவீட்டுக்குள்ள காலெடுத்து வச்சிராத."

ஆடி பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாளில் ஒரு வீடு கிடைக்காதா என்ன என்று நினைத்தேன். வயது அப்படி.

ரயிலில் மேல் பலகைகளைத் தாங்கும் இரண்டு சங்கிலிகளுக்கும் நடுவே என் நூல்புடவையைத் தூளியாகக் கட்டிவிட்டோம். எதிரே சோலாப்பூர்க்காரர் ஒருவர். எழுந்திருக்கும்போதெல்லாம் தூளியில் தலையை முட்டிக்கொண்டார். முதல் தடவை முறைத்தார். இரண்டாம் தடவை சிரித்தார். மூன்றாம் தடவை முட்டிய கையோடு ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். சோலாப்பூரில் அவர் இறங்கியபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார். அந்த ஊரின் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாதபோது கிடைத்த முதல் மனிதர் என்று அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தங்கப் போன இடம் கட்கி. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர், கணவரின் நண்பனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இவருக்கும் அண்ணன், எனக்கும் அண்ணன் ஆனார். அவர் மனைவி அக்கா. இரண்டு பேருமே கட்கியில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ், இரண்டு அறை. முன்னறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் சமையலறைக்கு நகர்ந்துகொண்டார்கள். ஒரு வாரம் என்று சொல்லித்தான் வந்தோம்.

"ஒரு வாரமோ ரெண்டு வாரமோ, பரேஷான் ஆவாத" என்றார் அக்கா. "கொழந்தைக்கு இன்னா குடுக்கற? நாச்னி குடுக்கறியா?"

"அது என்னக்கா?"

"ஐயே, கேவுருதான். இங்க வந்து நாச்னி ஆயிடுச்சி. நம்மளே இன்னா இன்னாவோ ஆயிட்டோம், அது ஆவக் கூடாதா?"

அக்காவின் பேச்சு அப்படித்தான். ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி, நடுவில் இந்தியில் இறங்கி டீ குடித்துவிட்டு, மராத்தியில் போய் முடியும். நான் பாதி புரிந்து மீதிக்குச் சிரித்து வைப்பேன்.

கணவர் காலையில் கட்கியிலிருந்து லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் போவார். ஷிப்ட் முடிந்ததும் வீடு தேடுவார். எல்லா வீட்டிலும் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேர்? மூன்று. மூன்றாவது யார்? கைக்குழந்தை. அதோடு முகம் மாறிவிடும். குழந்தை அழும், தண்ணீர் நிறையச் செலவாகும், வராந்தா முழுக்கத் துணி தொங்கும். சிலர் அட்வான்ஸ் கேட்பார்கள். அது எங்களிடம் இல்லை. இல்லாததைப் பற்றி அதிகம் எழுத என்ன இருக்கிறது. நனைந்த சட்டையோடு வந்து, குழந்தையின் உள்ளங்காலை முகர்ந்துவிட்டு, "நாளைக்குப் பாப்போம்" என்பார்.

நாளைக்குப் பார்த்து, நாளைக்குப் பார்த்து, ஆடி பிறந்துவிட்டது.

பிறந்து பத்து நாள் கழித்து, முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். ஒரு அறை கிடைத்திருக்கிறது. சிஞ்ச்வட் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். முன்பக்கம் மாவு மில், கிர்ணி என்பார்கள் அங்கே. பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மில்லின் சொந்தக்காரியே வீட்டுக்காரி. கணவன் இல்லாதவர், தானே பெல்ட் மாட்டி, தானே கல் கொத்தி மில்லை ஓட்டுகிறவர். சுற்றுவட்டாரமே அவரைக் காகு என்றுதான் கூப்பிடும். நம் சித்தி மாதிரி ஒரு முறை.

"அட்வான்ஸ் வேணாமாம். மில்லு ஓடுறப்ப செவுரு அதிரும், அதனால யாரும் நிலைக்கிறதில்லையாம். கொழந்தை இருந்தா இருக்கட்டுமாம். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரணும்ங்கிறாங்க. அதுக்கு மறுநாள் அவங்களுக்கு ஏதோ பெரிய திங்கக்கெழம. அந்த மாசத்துல ரூமு இருட்டாக் கெடக்கக் கூடாதாம்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் விரலை மடக்கி ஆடியில் மிச்சமுள்ள நாட்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

"ஆவணி ஒண்ணாந்தேதி வர்றோம்னு சொல்லுங்க."

"மூணு வாரம் இருக்குடா."

"ஆடியில வேணாம்ங்க. நமக்குன்னா பரவால்ல. இவளை வச்சுக்கிட்டு வேணாம்."

அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம். சாமி கும்பிடுவதில் கூட அவ்வளவு ஈடுபாடு இல்லாத பெண் நான். செவ்வாய், வெள்ளி பார்த்ததில்லை. ஆனால் மடியில் ஒரு உயிர் வந்து படுத்த பிறகு, காதில் விழுந்த எல்லா எச்சரிக்கையும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நின்றது. தெரியாத ஊர், தெரியாத தண்ணீர், தெரியாத மழை. எல்லாவற்றிலும் துணிந்துவிட்டோம், இந்த ஒன்றிலாவது சொன்னதைக் கேட்போம் என்று மனசு ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.

மறுநாள் அவர் போய்ச் சொல்லியிருக்கிறார். காகுவுக்குப் புரியவில்லை. அவர்களுக்கு ஆகாத மாதம் அப்போதுதான் முடிகிறது. வரப்போவது சிராவணம், வருஷத்திலேயே நல்ல மாதம். அதில் வர மாட்டேன் என்கிறவன் மனசில் வேறு கணக்கு இருக்கிறது, இதைவிட நல்ல அறை தேடுகிறான், அதுவரை இதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். இவருக்கு இருந்த பள்ளிக்கூட இந்தி, ஆடி மாதத்தை விளக்கும் அளவுக்குப் போதவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனபோது, "கொடுத்தாச்சு" என்று சொல்லி, மாவு படிந்த கையை உதறிவிட்டாராம்.

குவார்ட்டர்ஸில் வெளியாட்கள் தங்க அனுமதி வாங்க வேண்டும். அண்ணன் ஒரு வாரத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, சிரித்தபடி அக்காவிடம் ஏதோ கேட்டுவிட்டுப் போனாள். அக்கா உள்ளே வந்து அரிசி களைந்தார். ஒரே அரிசியை நாலு தடவை களைந்தார்.

"என்னக்கா கேட்டாங்க?"

"ஒண்ணுமில்ல. கொழந்த நல்லா கொழுகொழுன்னு கீதுன்னு சொல்லிட்டுப் போறா."

ஒரு மாதமாகக் கூட இருந்ததில் அக்காவின் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அது அந்தச் சிரிப்பு இல்லை.

அன்று மாலை கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதே வரிசையில் இருக்கும் ஒரு குடும்பம் அடுத்த வியாழக்கிழமை அரக்கோணம் போய் இறங்கி வேலூர் போகிறது. அவர்கள் பெட்டியிலேயே எனக்கும் ஒரு சீட்டு எடுத்துவிட்டார். என் அண்ணன் அரக்கோணத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போவான், கடிதம் போட்டாகிவிட்டது. வியாழக்கிழமைதான் சிஞ்ச்வட் பட்டறைகளுக்கு வார லீவு. அதனால் அவரே ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவார்.

"பொங்கலுக்கு வந்து கூட்டிட்டு வந்துர்றேன்" என்றார்.

அவர் குழந்தையைப் பார்க்காமல் பேசினார். பார்த்திருந்தால் நான் நம்பியிருப்பேன்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது பெரிய சொல். துணி துவைத்தேன், பிழிந்தேன், மறுபடி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வேலைக்குப் போன பிறகு அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, என்னைய அந்த மில்லுக்காரம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"குடுத்தாச்சின்னு சொல்லிட்டாளே."

"ஒரு தடவை கேட்டுட்டு வந்துருவோம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு வாயி இல்லன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். புடவையை மாற்றிக்கொண்டு குடையோடு வந்தார்.

லோக்கல் ரயிலில் கூட்டமில்லை. தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். மழைக்குள் ஈரத் தகரங்களும் புகைபோக்கிகளும் நின்றுகொண்டிருந்தன. நடுவே திடீர் திடீரென்று ஒரு பச்சை. குழந்தை ஜன்னல் கம்பியை நக்கியது. வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

மில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கோதுமை டப்பாக்கள் வரிசையில் நின்றன. ஆட்கள் மழைக்கு எங்கோ ஒதுங்கிவிட்டு, டப்பாக்களைத் தங்கள் இடத்தில் நிற்க வைத்திருந்தார்கள். காகு கட்டையான ஆள். ஐம்பதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும். புருவம், இமை, முன்மயிர் எல்லாம் மாவு. எங்களைப் பார்த்ததும் மில்லை நிறுத்தாமலேயே பேச ஆரம்பித்தார். நீளமாகப் பேசினார். கையை ஆட்டி, என்னைக் காட்டி, வானத்தைக் காட்டிப் பேசினார்.

"என்னக்கா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் திட்றாங்க."

பின்பக்க அறையின் கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். சாமான் எதுவும் இல்லை. நாலு கோணி மூட்டை மட்டும் சுவரோடு சாய்ந்திருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. கோபத்தில் சொன்னது.

அக்கா பேச ஆரம்பித்தார். எனக்குப் புரிந்தது ஆடி என்ற ஒரு சொல் மட்டும். மீதியைப் பிறகு காகுவே பல தடவை எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எங்கள் ஆட்கள் இந்த மாதத்தில் புதுப்பெண்ணைக் கூடப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அப்படிப்பட்ட மாதம் என்று அக்கா சொன்னாராம். எங்களுக்கும் அப்படித்தான், ஆனால் அதுதான் முடிந்துவிட்டதே, நாளைக்குச் சிராவணத்தின் முதல் திங்கள் அல்லவா என்றாராம் காகு. இவர்களுக்கு இன்னும் பதினைந்து நாள் ஓட வேண்டும் என்று அக்கா சொல்ல, காகு மில்லை நிறுத்திவிட்டார். பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

"அது எப்படி? உங்க ஊருக்கு வேற நிலாவா?"

அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியாது. எங்கள் மாதம் சூரியனைப் பார்த்து நடக்கிறது, அவர்களுடையது நிலவைப் பார்த்து நடக்கிறது என்று பல வருஷம் கழித்துத்தான் யாரோ சொன்னார்கள். அக்கா தோளைக் குலுக்கிவிட்டு, "நான் பொறந்தது கட்கியில. இதெல்லாம் என்னெ கேட்டா?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார்.

காகு என்னிடம் வந்தார். குழந்தையின் கன்னத்தில் விரலை வைத்தார். வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது. பிறகு அக்காவிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"இந்த மூட்டைங்கள இப்பவே வெளிய எடுக்கறேன், இன்னிக்கே வர்றதுன்னா வரட்டும்ங்கறாங்க. இல்லன்னா நாளையிலேந்து விரத மாவுக்கு ஆளுங்க வருவாங்களாம், தானியத்த இங்கதான் அடுக்கணுமாம். நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தை காகுவின் விரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது.

பதினைந்து நாள் ஆடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வியாழக்கிழமை ரயில். அந்த ரயிலுக்கு அந்தப் பக்கம், கதவுக்குப் பின்னால் ஒளியும் ஒரு சிறுமி. அம்மாவின் குரல் கேட்டது. என்னைக் காப்பதற்காகச் சொன்ன குரல்தான். அதைக் கேட்காமல் விடுவதற்கு, அதைக் கேட்டதைவிட அதிகப் பயம் வேண்டியிருந்தது. அந்த அளவு பயம் என்னிடம் இருந்தது.

"ஆஜ்" என்றேன். இன்றைக்கு என்பதற்கு அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலரைக்கு ராகுகாலம் வந்துடும். ஆடிதான் போச்சி, ராகுகாலத்தயாவது விடாம புடிப்போம். நட."

கட்கிக்குப் போய்ப் பெட்டியும் மூட்டையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். நாலு மணிக்கு, ஈர வாசனையும் மாவு வாசனையும் சேர்ந்திருந்த அந்த அறையில் என் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். காகு ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் கொண்டுவந்தார். பொங்குவதற்காகக் காத்திருந்தேன். பொங்கியது. எந்தப் பக்கம் வழிந்தது என்று பார்க்க வேண்டும் என்பார்கள். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். காகு முதல் வாயைக் குடித்துவிட்டு மில்லுக்குப் போனார். சுவர் அதிரத் தொடங்கியது. அந்த அதிர்வில், யாரும் ஆட்டாமல், என் மகள் கீழே விரித்த புடவையிலேயே தூங்கிப்போனாள்.

ஷிப்ட் முடிந்து அவர் கட்கிக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் அதே லோக்கலைப் பிடித்து வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆடி முடியலையே" என்றார்.

"தெரியும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டார். ரயில் சீட்டு சட்டைப் பையில் இருந்தது. அதை அவர் எடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

திங்கள் நன்றாகப் போனது. செவ்வாய் விடியும்போது குழந்தையின் உடம்பு சுட்டது.

அந்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்று பல வருஷம் இருந்தேன். காய்ச்சல் எல்லாக் குழந்தைக்கும்தான் வருகிறது. ஆனால் எனக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நினைத்தேன். வாசலைத் தாண்டி வைத்த என் வலது காலிலிருந்து வந்தது. பொங்கிய பாலிலிருந்து வந்தது. முனிசிபல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு நாள் விட்டு வரச் சொன்னார். காகு கரி அடுப்பில் கனல் எடுத்து, ஓமம் தூவி, அதன் மேல் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் துணிகளை அதில் பரப்பினார். ஒரு மாதமாகக் காயாத துணிகள் முதன்முறையாக மொரமொரவென்று காய்ந்தன. வேறு நாளாக இருந்தால் அதற்கே அழுதிருப்பேன். காகு என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். என் பயத்தைச் சொல்ல என்னிடம் மொழி இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் வீட்டுக்குள் வந்ததால்தான் என்று எப்படிச் சொல்வது.

கணவரிடமும் சொல்லவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றையே நினைத்துக்கொண்டு, உப்பு போதுமா என்று பேசிக்கொண்டோம்.

புதன்கிழமை மாலை வந்தபோதும் சூடு இறங்கவில்லை. குழந்தை பால் குடிக்காமல், கையைக் கடித்துக்கொண்டு, எச்சில் ஒழுக அழுதது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ரயிலு இருக்கு. ஊர்ல அத்தை பாத்துக்குவாங்க. நீ ஒத்தையா இங்க கெடந்து..." என்று நிறுத்தினார்.

"ம்."

"கோவமா?"

"இல்லைங்க. நான்தானே உள்ள வந்தேன்."

அப்போதுதான் அந்தச் சொல் எங்களுக்கு நடுவில் வந்து விழுந்தது. அவர் உடனே, "அப்படியெல்லாம் இல்ல" என்றார். இல்லை என்று சொன்ன வேகத்திலேயே அவரும் அதை நினைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கூடையிலிருந்து துணிகளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். மொரமொரப்பான, ஓமம் மணக்கும் துணிகள். பிடிவாதம் எல்லாம் கைவிரல் வழியாக வழிந்து போய்விட்டது. குழந்தை பிழைத்தால் போதும். கதவுக்குப் பின்னால் ஒளிந்தால் ஒளியட்டும்.

வியாழக்கிழமை காலை கரண்ட் இல்லை. அந்தப் பக்கம் வியாழக்கிழமைதான் கம்பிகளைப் பார்க்கிற நாள். பட்டறைகள் மூடியிருக்கும், மில்லும் நிற்கும். நாங்கள் வந்ததிலிருந்து ஓயாமல் அதிர்ந்த சுவர் சும்மா நின்றது. எங்கோ ஒரு சேவல், எங்கோ ஒரு குழாய், தகரத்தில் சொட்டுச் சொட்டாக மழை. அவ்வளவு சத்தங்கள் அந்த இடத்தில் இருந்தன என்பதே அன்றுதான் தெரிந்தது.

ரயிலுக்குப் போகும் முன் கொஞ்சமாவது உள்ளே போகட்டும் என்று, காகு அரைத்துக் கொடுத்த கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி ஆற்றி, எவர்சில்வர் கரண்டியில் எடுத்தேன். முகத்தைத் திருப்பியது. வாயைத் திறக்க வைத்து உள்ளே விட்டேன்.

டிக்.

கரண்டி எதிலோ பட்டது. மில் ஓடியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. மறுபடி மெல்லத் தட்டினேன். டிக். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலை உள்ளே விட்டேன். கீழ் ஈறில், சூடான ஈரத்துக்கு நடுவே, அரிசிக் குருணை மாதிரி ஒன்று விரலைக் கீறியது.

"இங்க வாங்க" என்றேன். "விரலை வைங்க."

ஷேவ் செய்துகொண்டிருந்தவர் சோப்பு முகத்தோடு வந்தார். கையைக் கழுவிவிட்டு விரலை விட்டார். குழந்தை கடித்தது. கடித்த வேகத்தில் அவர் 'ஸ்' என்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டோம்.

காகு எட்டிப் பார்த்து, விஷயம் புரிந்து, தன் வாயைத் திறந்து தன்னுடைய பல்லையே தட்டிக் காட்டிச் சிரித்தார். இவ்வளவு தானா, இதற்கா இந்த முகம் என்பது மாதிரி. மத்தியானத்துக்குள் சூடு இறங்கத் தொடங்கியது. முழுக்க இறங்கவில்லை. ஆனால் குழந்தை பால் குடித்தது.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்க?"

"கட்கிக்கு. வேலூர் போறவங்க ஸ்டேஷன்ல நமக்காகக் காத்துக்கிட்டு நிக்கப் போறாங்க. வரலைன்னு சொல்லிட்டு வந்துர்றேன். உங்கண்ணனுக்கும் ஒரு தந்தி குடுக்கணும்."

"ஆடி இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. அந்தப் பதினோரு நாளும் நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன். ஒரு தும்மலுக்கு நின்றேன், ஒரு விக்கலுக்கு உட்கார்ந்தேன். பல் முளைத்ததால் காய்ச்சல், ஆடியால் இல்லை என்று புத்தி சொன்னது. புத்தி சொல்வதை உடம்பு கேட்க ஆவணி வர வேண்டியிருந்தது.

அவர் வாசலில் நின்று யோசித்தார். "இருக்கட்டும்" என்றார். "இங்கயே இருந்து பாப்போம்."

மாலையில் மழை கொஞ்சம் விட்டது. பைக்குள் மடித்து வைத்த துணிகளை எடுத்துத் திரும்பக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சீட்டு எடுத்திருந்த, மும்பையிலிருந்து சென்னை போகும் வண்டி சிஞ்ச்வட்டில் நிற்காது. புனேக்குப் போகும் அவசரத்தில், ஸ்டேஷனைத் தடதடவென்று தாண்டிப் போகும். தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. குழந்தை தலையைத் திருப்பி, சத்தம் ஓயும் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது. காகு பெல்ட்டைத் தட்டிவிட, சுவர் மெல்ல அதிர ஆரம்பித்தது.